துண்டுக்குள் முப்பது கைகள்

கன்னியப்பனுக்கு வாயால் விலை சொல்ல வராது. மற்ற விஷயமெல்லாம் நாலு தெருவுக்குக் கேட்கும்படி பேசுவார். விலை என்று வந்துவிட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். தோளில் கிடக்கும் சிவப்புக்கரைத் துண்டு தானாக வலது கைமேல் இறங்கிவிடும்.

அவர் மாட்டுத் தரகர். செஞ்சிக்காரர்தான், ஆனால் தொழில் அவலூர்பேட்டைச் சந்தையில். அங்கே மாட்டு விலையை யாரும் உரக்கச் சொல்வதில்லை. தரகர் துண்டை விரித்துக் கையை மறைத்துக்கொள்வார். விற்கிறவன் அதற்குள் கையை விட்டு, தரகரின் விரல்களைப் பிடித்துத் தன் விலையைத் தெரிவிப்பான். அப்புறம் வாங்குகிறவன் கையை விடுவான். எத்தனை விரல், எந்தக் கணுவரை என்பதில் நூறும் ஐம்பதும் பத்தும் அடங்கிவிடும். சுற்றி நூறு பேர் நின்று வேடிக்கை பார்த்தாலும் விலை மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்த மூவரில் இரண்டு பேருடைய மனதும் தெரிந்தவர் தரகர் ஒருவர்தான்.

இந்தப் பழக்கம் சந்தையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பஸ் ஸ்டாண்டில் கத்திரிக்காய் வாங்கினாலும் துண்டை விரிப்பார். காய்க்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஒருநாள் அவர் மனைவி ரஞ்சிதம், "இன்னிக்கு எவ்ளோ வந்துச்சு?" என்று கேட்டதற்கு, மனிதர் துண்டோடு கையை நீட்டியிருக்கிறார்.

"வாயத் தொறந்து சொல்லுய்யா. நான் இன்னா சந்தைக்கு வந்த கெடேரியா?" என்று அந்த அம்மாள் கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது.

நான் மல்லிநாதன். தாலுகா ஆபீஸ் வாசலில் ஒரு சாய்வுப்பலகையை வைத்துக்கொண்டு மனு எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. நாங்கள் ஜைனர்கள் என்பதால் எல்லோரும் 'நைனாரே' என்று கூப்பிடுவார்கள். ஊருக்கு வரும் இங்கிலீஷ் கடிதங்களைப் படித்துச் சொல்வதும் என் வேலைதான். கோபக்காரன் என்று எனக்கொரு பெயர் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. கன்னியப்பனைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்தது கோபம்தான். அவரால் எனக்கு இருநூறு ரூபாய் போயிற்று.

கதை 1959-ல் ஆரம்பிக்கிறது. விழுப்புரத்தில் 'தென்பெண்ணை டாக்கீஸ் லிமிடெட்' என்று ஒரு கம்பெனி தொடங்கினார்கள். விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, அவலூர்பேட்டை ஆகிய நாலு ஊரில் நாலு கொட்டகை. பங்கு ஒன்று பத்து ரூபாய். பங்குதாரர்களுக்கு ஒவ்வொரு புதுப்படமும் ஒருமுறை இலவசம், அதுவும் பெஞ்சில். கம்பெனி ஆள் ஒருவன் வேனில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, எங்கள் பஸ் ஸ்டாண்டில் இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்தினான். நாலு பங்குதான் விற்றது. மூன்றாம் நாள் யாரோ யோசனை சொல்லி, கன்னியப்பன் வீட்டைத் தேடிப் போனான்.

கன்னியப்பன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பாக்காத மாட்டை நான் விக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு, சொந்தச் செலவில் விழுப்புரம் போனார். அங்கே கொட்டகையைச் சுற்றி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். மின்விசிறிகளை எண்ணினார், பதினொன்று இருந்தன. திரும்பி வந்து சந்தையில் நின்று, "பல்லு பாத்துட்டேன்" என்று சொன்னார்.

இதன் கனம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துத்தான் சொல்வார்கள். கன்னியப்பன் ஒரு மாட்டுக்குப் பல் பார்த்துவிட்டேன் என்று சொன்னால், அதற்கப்புறம் வாங்குகிறவன் அதன் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. அவர் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. அந்தச் சொல்லை எடுத்து அவர் ஒரு சினிமாக் கம்பெனிக்குக் கொடுத்தார்.

மூன்று சந்தையில் முந்நூறு பங்குக்கு மேல் விற்றுத் தீர்த்தார். விற்ற விதம் வேறு எந்த ஊர் பங்குச் சந்தையிலும் பார்க்க முடியாதது. பத்து ரூபாய் என்று தாளிலேயே அச்சடித்திருக்கிறது. இருந்தும் துண்டை விரிப்பார். வாங்குகிறவன் ஆறு என்று விரலைப் பிடிப்பான். இவர் பத்து என்பார். அவன் எட்டுக்கு ஏறுவான். இவர் பத்து என்பார். அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுப் பத்துக்கே படியும். வாங்கினவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திருப்தியாகப் போவான்.

"அச்சடிச்ச விலைக்கு எதுக்கு பேரம்?" என்று நான் கேட்டேன்.

"பேரம் பேசாம வாங்கினா அவனுக்கு ராத்திரி தூக்கம் வராது நைனாரே" என்றார்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருபது பங்கு வாங்கினேன். இட்லிக்கடை அம்மாக்கண்ணு ஐந்து வாங்கினாள். மேலச்சேரிப் பக்கத்து விவசாயி பச்சைமுத்து பத்து. கன்னியப்பன் தன் தரகுக் கூலியைக்கூடப் பணமாக வாங்காமல் பங்காகவே எடுத்துக்கொண்டார். அவரிடம் மட்டும் நாற்பது சேர்ந்தது.

இரண்டு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. செஞ்சிக் கொட்டகையில் நாங்கள் பங்குதாரர்கள் என்ற மிடுக்கில் நடந்தோம். மின்விசிறி சுற்றவில்லை என்றால் மேனேஜரைக் கூப்பிட்டு அதட்டுவோம். அம்மாக்கண்ணு இடைவேளையில் எழுந்து நின்று, பீடி பிடிக்கிறவர்களை, "ஏய், எங்க கொட்டாய்ல பொகை விடாதே" என்று விரட்டுவாள். லாபம் என்று பங்குக்கு ஐம்பது காசு ஒரே ஒருமுறை வந்தது. அப்புறம் நிர்வாக டைரக்டர் புதுக் கார் வாங்கினார். படப்பெட்டி நேரத்துக்கு வராமல் போயிற்று. இருக்கிற படத்தையே நாலாவது வாரமும் ஓட்டினார்கள். மெஷின் கெட்டு, பாதிப் படத்தில் ஜனங்கள் நாற்காலியை உடைத்தார்கள். 1965 கடைசியில் நாலு ஊரிலும் பூட்டு தொங்கியது.

அடுத்த வருஷம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இங்கிலீஷ் கடிதம் வந்தது. ஒரே நாளில் நாற்பது பேர் என் பலகைக்கு முன்னால் கடிதத்தோடு நின்றார்கள். முதல் கடிதத்தைப் படித்தேன். மற்றவை படிக்கத் தேவையில்லை.

"கம்பெனி திவால். கோர்ட் எடுத்துக்கிடுச்சு. இருக்கறதை வித்து, கடன்காரனுக்குக் குடுத்தது போக மிச்சம் இருந்தா நமக்கு" என்றேன்.

யாரும் கன்னியப்பனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த சந்தையில் அவர் ஒரு ஜோடிக் காளையைக் காட்டி, "பல்லு பாத்துட்டேன்" என்று சொன்னார். வாங்க வந்தவன் தலையை ஆட்டிவிட்டு, குனிந்து மாட்டின் வாயைத் தானே திறந்து பார்த்தான். பக்கத்தில் நின்று பார்த்த பச்சைமுத்துதான் எனக்கு இதைச் சொன்னான். கன்னியப்பன் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாராம். ஒரு சந்தைக்குப் பதினைந்து இருபது பேரம் முடிக்கிறவருக்கு அது ஐந்தாயிற்று, பிறகு மூன்றாயிற்று. துண்டு இருந்தது, உள்ளே வருகிற கைதான் இல்லை. என் இருநூறு ரூபாய் போன கோபத்திலும் அதைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது.

இந்தச் சமயத்தில் திண்டிவனத்துப் பழைய இரும்பு வியாபாரி ஒருவர், செத்த கம்பெனியின் பங்கை ஒன்றரை ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. 'வித்துடு' கட்சிக்கு நான் தலைவன். 'வச்சிரு' கட்சிக்குக் கன்னியப்பன்.

"செத்த மாட்டுக்கு எவனாவது தீனி வைப்பானா?" என்று நான் ஆரம்பிப்பேன்.

"செத்த மாட்டுக்குத் தோல் இருக்குது, கொம்பு இருக்குது நைனாரே. இரும்பு யாவாரி சும்மாவா கேக்குறான்?"

ஜைனனிடம் வந்து தோல், கொம்பு என்று பேசுகிறாரே என்று எனக்கு இன்னும் கோபம் வரும். ஆனாலும் கேள்வி நியாயமானது. ஒன்றுமில்லாததை ஒன்றரை ரூபாய்க்கு ஏன் ஒருவன் கேட்கிறான்?

பச்சைமுத்துவுக்கு இரண்டு கட்சியிலும் நாட்டம் இல்லை. கொட்டகைக் கூரையின் தகரத்தை எண்ணிக்கொண்டு வந்திருந்தான். "என் பத்துப் பங்குக்கு எத்தினி தகரம் வரும்? மாட்டுக்கொட்டாய்க்கு ஆறு இருந்தா போதும்" என்பான். நான் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டே கால் தகரம் வந்தது. "அந்தக் காலை எவன் வெட்டித் தருவான்?" என்று அதற்கு ஒருநாள் முழுக்கச் சண்டை.

அம்மாக்கண்ணு இட்லித்தட்டைக் கழுவிக்கொண்டே தீர்ப்பு சொல்வாள். "அஞ்சுக்கு ஏழரை ரூவா வரும். அத்தை வச்சுக்கிட்டு நான் இன்னா பண்றது? பங்குக்காரின்னு சொல்லிக்கவாவது தாள் இருக்கட்டும்."

சிலர் பொறுக்கமாட்டாமல் சந்தையில் பங்கை விற்கவும் வாங்கவும் ஆரம்பித்தார்கள், அதுவும் துண்டுக்குள்தான். யார் என்ன விலைக்கு விற்றான் என்று யாருக்கும் தெரியாது. ஒரே காலையில் ஒருவன் ஒரு ரூபாய்க்கு விற்றான், நாலடி தள்ளி இன்னொருவன் மூன்று ரூபாய்க்கு வாங்கினான். இரண்டு பேருமே தாங்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று டீக்கடையில் வந்து சொன்னார்கள். கன்னியப்பன் இதில் ஒரு காசு தரகு தொடவில்லை.

1967 பங்குனியில் இன்னொரு கடிதம் வந்தது. நிர்வாக டைரக்டரின் மச்சான் நாலு கொட்டகையையும் மொத்தமாக வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறார். அவர் தரும் தொகையில் கடன் போகப் பங்குக்கு ஒன்றேகால் ரூபாய் கிடைக்கும். பங்குதாரர்கள் விழுப்புரத்தில் கூடி, சரியா வேண்டாமா என்று ஓட்டுப் போட வேண்டும். வேண்டாம் என்றால் நாலையும் தனித்தனியாக ஏலம் விடுவார்கள். அதில் கூடவும் வரலாம், குறையவும் வரலாம். வருஷக்கணக்கில் ஆகலாம்.

இந்தச் செய்தி கேட்டு இரும்பு வியாபாரி பின்வாங்கிவிட்டார், அவர் சொன்ன விலையைவிட மச்சான் கொடுப்பது கால் ரூபாய் குறைவு. இதைப் படித்ததும் 'வித்துடு' கட்சி கலைந்தது. தலைவனான நானே கட்சி மாறி, மச்சானுக்குக் கொடுக்கவே கூடாது என்று டீக்கடையில் முழங்கினேன்.

கன்னியப்பன் அன்று ராத்திரியே வீடு வீடாகப் போயிருக்கிறார். "நாலு மாட்டையும் ஒரே கயித்துல கட்டி விக்கறான்னா அதுல ஏதோ இருக்குது. விக்கறவனும் வாங்கறவனும் ஒரே வீட்ல சாப்பிடறானுங்க. தனித்தனியா ஏலத்துக்கு விட்டாத்தான் நம்ம ஜனத்துக்கு நாலு காசு வரும்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பலர் சரி என்றார்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்களா, தரையைப் பார்த்துச் சொன்னார்களா என்பது வேறு. இந்த ஜனங்களுக்கு அவரால் ஏதாவது மீட்டுக்கொடுக்க முடிந்தால்தான் அவலூர்பேட்டையில் இனி அவர் நிற்க முடியும். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை முப்பத்தோரு பேர் விழுப்புரம் பஸ் ஏறினோம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பாடம் நடத்தினேன். "ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு. நூறு பங்கு இருந்தாலும் ஒரு கை. கோர்ட் அதிகாரி 'வேண்டாங்கிறவங்க யாரு'ன்னு கேட்டதும் கையைத் தலைக்கு மேல தூக்கணும். புரிஞ்சுதா?"

கன்னியப்பன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "எதிராளி எதிர்ல ஒக்காந்திருக்கும்போது எவனாவது கையத் தூக்கிக் காட்டுவானா நைனாரே?"

"ஆமா, போன மாசம் எலக்‌ஷன்ல மறைப்புக்குள்ள போயித்தான முத்திரை குத்தினோம்? இத்தை மட்டும் எல்லாரு கண்ணுக்கும் காட்டணுமா?" என்றாள் அம்மாக்கண்ணு.

"அது வேற, இது வேற. சொன்னதைச் செய்யுங்க" என்று நான் அதட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதை நம்பினேன்.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தோம். முன்வரிசையில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இருபத்தாறு பேர், அத்தனையும் டைரக்டர் வீட்டு உறவும் சிநேகமும். மேஜைக்குப் பக்கத்தில் மச்சான் கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணிக்கு என்று சொன்ன கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து அதிகாரி நாலரைக்கு வந்தார். வந்ததும் கணக்கு அறிக்கையை முழுசாகப் படித்தார், இங்கிலீஷில்.

எனக்குக் கவலை வேறு. எங்கள் குடும்பத்தில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. வீட்டில் கட்டிக்கொடுத்த புளிச்சோறு மடியில் இருக்கிறது. ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அதிகாரி எதிரில் பொட்டலத்தைப் பிரிக்கவும் முடியாது. பக்கம் பதினேழுக்கு வந்தபோது அந்த அதிகாரியை நான் மனதுக்குள் என்னவெல்லாம் சொன்னேன் என்பதை எழுத மாட்டேன்.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழில் கேட்டார். "இந்த விற்பனைக்குச் சம்மதிக்கிறவங்க கையைத் தூக்குங்க."

முன்வரிசையில் இருபத்தாறு கைகள் எழுந்தன. எண்ணி எழுதினார்.

"வேண்டாங்கிறவங்க?"

ஒரு கைகூட எழவில்லை. நான் பாதி தூக்கினேன். சுற்றிப் பார்த்தால் ஒற்றைக் கை. கூச்சமாக இருந்தது, இறக்கிவிட்டேன். பார்த்தால், எங்கள் பெஞ்சின் ஓரத்தில் கன்னியப்பன் துண்டை விரித்தபடி எழுந்து நிற்கிறார். முதல் ஆள் உள்ளே கையை விட்டிருக்கிறான்.

"கையைத் தூக்கச் சொல்லுய்யா" என்று பல்லைக் கடித்தேன்.

"பொறுங்க நைனாரே. கேட்டுக்கிட்டுத்தான இருக்கறேன்."

"என்ன நடக்குது அங்க?" என்றார் அதிகாரி.

"சார், கொஞ்ச நேரம் குடுக்கணும்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார். மொத்த விரலையும் சேர்த்துப் பிடித்தால் வேண்டாம். ஒற்றை விரலைப் பிடித்தால் கொடுத்துவிடலாம். நான் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே பஸ்ஸின் பின்சீட்டில் இதையெல்லாம் அவர்கள் முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள். பெஞ்சு பெஞ்சாக, அவசரமே இல்லாமல் போனார். அம்மாக்கண்ணுவிடம் வந்தபோது மட்டும் தயங்கினார். அவள் துண்டைத் தானே இழுத்துக் கையை விட்டாள். என்னிடமும் வந்தார். அவர் துண்டுக்குள் நான் கை விட்டது அதற்கு முன் ஒரே ஒருமுறை, பங்கு வாங்கியபோது. உள்ளே அவர் கை ஈரமாக இருந்தது.

முப்பது கைகளையும் கேட்டு முடித்துவிட்டு நடுவில் வந்து நின்றார்.

"சார், செஞ்சிப் பக்கத்து ஆளுங்க மொத்தம் முப்பத்தோரு பேரு. வேணாங்கறவங்க என்னையும் சேத்துப் பத்தொம்போது. குடுத்துடலாங்கறவங்க பன்னெண்டு."

மச்சான் மடமடவென்று கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இருபத்தாறும் பன்னிரண்டும் முப்பத்தெட்டு. எங்கள் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பஸ்ஸில் வரும்போது அத்தனை பேரும் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியவர்கள்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. முப்பத்தொன்றும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே இந்த மனிதர்? யாருக்குத் தெரியப் போகிறது? ஒற்றை விரலைப் பிடித்த பன்னிரண்டு பேரா எழுந்து நின்று, பொய் என்று சொல்லப்போகிறார்கள்? அவருடைய சொல்லை மீட்க இதுதான் கடைசி இடம். அங்கே நின்று, தன்னை நம்பாதவர்கள் பன்னிரண்டு பேர் என்று எல்லோருக்கும் முன்னால், மாட்டு விலை சொல்லவும் திறக்காத அந்த வாயைத் திறந்து சொன்னார். ஒன்றைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அதிகாரிக்கும் என்னவோபோல் ஆகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, "பெரியவரே, துண்டுக்குள்ள இருக்கறதை நான் எழுத முடியாது. கையை எல்லாரும் பார்க்கத் தூக்கணும். தூக்கலைன்னா எதிர்ப்பு இல்லைன்னு எழுதிடுவேன்" என்றார்.

கன்னியப்பன் துண்டை எடுத்து மடித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்குப் பல்லு பாத்துட்டேன்னு சொன்னேன். சரியாப் பாக்கல. விசிறிய எண்ணினேன், ஆளைப் பாக்கல. தப்பு என்னுதுதான். எனக்காவ ஒருத்தரும் தூக்க வாணாம். குடுத்துடலாம்னு தோணினவங்க சும்மா இருங்க, அதுவும் ஞாயந்தான்" என்றார். சொல்லிவிட்டு வலது கையை உயரத் தூக்கினார்.

அம்மாக்கண்ணு எழுந்தே நின்றுவிட்டாள். இரண்டு கையையும் தூக்கினாள். அதிகாரி ஒன்றை இறக்கச் சொன்னார். பச்சைமுத்து தூக்கினான். அப்புறம் யார் முன்னால், யார் பின்னால் என்று சொல்ல முடியவில்லை. அதிகாரி இரண்டுதடவை எண்ணினார். முப்பத்தொன்று.

மச்சான் காலைக் கீழே இறக்கினார்.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் நான். இருபது பங்குக்கு இருபத்தைந்து ரூபாய் நிச்சயமாகக் கையில் வரும், ஏலம் எந்தக் காலத்தில் நடக்குமோ என்று அந்த நேரத்தில் மனம் சொல்லிற்று. டீக்கடையில் முழங்கினது, பஸ்ஸில் பாடம் நடத்தினது எல்லாம் வெளியில்தான். துண்டுக்குள் ஒற்றை விரலைத்தான் பிடித்தேன். பிடித்தபோது கன்னியப்பன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த ஆளிடம் போய்விட்டார். பிறகு எல்லோரும் கை தூக்கியபோது மற்றவர்களைவிட உயரமாகத் தூக்கியவனும் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. புளிச்சோற்றைப் பச்சைமுத்துவிடம் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் அவன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிப் பருக்கைவரை சப்புக்கொட்டித் தின்றான். பசி காதை அடைத்தது. அதை ஒரு தண்டனையாக ஏற்றுக்கொண்டேன்.

ஏலம் ஒன்றரை வருஷம் கழித்து நடந்தது. பங்குக்கு நாலு ரூபாய் இருபது காசு கிடைத்தது. பத்து ரூபாய் யாருக்கும் திரும்பவில்லை. செஞ்சிக் கொட்டகையை அந்த இரும்பு வியாபாரியே எடுத்து, தகரத்தைப் பிரித்து விற்றார். பச்சைமுத்து ஆறு தகரத்தைக் காசு கொடுத்து வாங்கினான்.

ஆனால் ஏலப் பணம் வரும்வரை சந்தை காத்திருக்கவில்லை. விழுப்புரம் கூட்டத்துக்கு அடுத்த சந்தைக்கே நான் அவலூர்பேட்டைக்குப் போயிருந்தேன். ஒரு கறவைமாடு வாங்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். கன்னியப்பன் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். காலையிலேயே ஆட்கள் வந்தார்கள். விழுப்புரத்துக்கு வந்தவர்களில் சிலர் நிமிர்ந்து நடந்து வந்து, "இன்னா மாமா" என்று கையைப் பிடித்தார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு, மாட்டைப் பார்க்கிற சாக்கில் மெதுவாக வந்து நின்றார்கள். குனிந்து வந்தவர்களை மரத்துக்குப் பின்னாலிருந்து எண்ணினேன். மதியத்துக்குள் ஒன்பது வந்தது. ஒருவருக்குக்கூட அவர் முகத்தில் வித்தியாசம் காட்டவில்லை. ஒரு மாட்டுக்கு, "பல்லு பாத்துட்டேன்" என்றார். வாங்குகிறவன் வாயைத் திறந்து பார்க்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் கிட்டே போனேன். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

"கன்னியப்பன், அன்னிக்கு அந்தப் பன்னெண்டு பேர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பன்னெண்டு பேரு நைனாரே?" என்றார். கேட்டுவிட்டு, ஒரு செவலைப் பசுவைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினார். துண்டை விரித்தார். கையை விட்டேன். அவர் விரலில் சொன்ன விலை பதினைந்து ரூபாய் அதிகம் என்று தெரிந்தது. பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தேன்.